மிஷின் ஒத்துக்கொண்ட கை

ஓசூரில் இப்போது தெருவுக்கு ஒரு பிசியோதெரபி நிலையம் இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் தொழிற்சாலைகளுக்குள்ளேயே வேலை பார்க்கிறீர்கள். குளிர்ந்த அறை, எண்கள் ஓடும் திரை, பிழிந்தால் வருகிற ஜெல். நன்றாக இருங்கள். எனக்குப் பொறாமை இல்லை. உங்கள் பேச்சுத்தான் எரிச்சலைத் தருகிறது. உங்களில் ஒருவன் போன மாதம் என்னிடம் சொன்னான்: "அல்ட்ராசவுண்ட்ல என்னங்க மேடம் இருக்கு? ஹெட்டைச் சுத்திக்கிட்டே 'சூடு தெரியுதா'ன்னு கேட்டாப் போதும். பேஷண்டே சொல்லிடுவான்."

சொல்லமாட்டான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மிஷினை எப்படி ஓட்டுவது என்று நான் எழுதப்போவதில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

ஐம்பதுகளின் கடைசி. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் பாதிரிமார் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் மின்சிகிச்சை அறை என் பொறுப்பில் இருந்தது. நான் நர்ஸ் இல்லை. கைகால் பிடித்துவிடும் வேலைக்குச் சேர்ந்தவள். டாக்டரம்மா வெளியூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்க வைத்தார். ஜெர்மனியிலிருந்து நன்கொடையாக அந்த மிஷின் வந்தபோது அதை என் கையில் கொடுத்தார்.

அது ஒரு இரும்புப் பெட்டி. ஒரு விளக்கு, முறுக்கிவிடும் கடிகாரம், அளவைக் கூட்டும் குமிழ், வயர் நுனியில் கைப்பிடியோடு ஒரு உலோகத் தலை. அதிலிருந்து வரும் ஒலி மனிதக் காதுக்குக் கேட்காது. ஊர் அதற்குச் 'சத்த மிஷின்' என்று பெயர் வைத்தது. கடிகாரத்தின் டிக் டிக்தான் வைத்தியம் என்று எல்லோரும் நம்பினார்கள். "இன்னிக்கிச் சத்தம் நல்லா ஏறுச்சும்மா" என்று கடிகாரத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

அந்த அலை தோலைத் தாண்டி உள்ளே போய்ச் சூடாக்கும். அளவு மிஞ்சினால் எலும்பில் குடையும். நோயாளி "ஐயோ" என்று கையை இழுப்பான். நாம் குறைத்துவிடுவோம். அந்த "ஐயோ"தான் நமக்கு மீட்டர். உணர்ச்சி செத்த இடத்தில் மீட்டர் கிடையாது. உள்ளே வெந்துபோகும் வரை ஆள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதனால்தான் டாக்டரம்மா ஒரு சட்டம் போட்டிருந்தார். முதலில் கண்ணைத் துண்டால் மூடு. குண்டூசியால் தொட்டுத் தொட்டுக் கேள். எல்லா இடத்திலும் உணர்ச்சி இருந்தால்தான் சுவிட்சைப் போடு.

அந்தப் பக்கத்தில் பெருநோய் நிறைய இருந்தது. இப்போது தொழுநோய் என்று நாகரிகமாகச் சொல்கிறீர்கள். உணர்ச்சி செத்த தோல் அதன் முதல் அடையாளம். மாத்திரை வந்துவிட்டிருந்தது. விடாமல் எடுத்தால் குணமாகும் என்று எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது, சொன்னாலும் நம்பாது. ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வந்தவனை வீட்டைவிட்டு வெளியே போடு.

அறைக் கதவைச் சாத்த மேனேஜர் விடமாட்டார். நன்கொடை கொடுத்தவர்கள் வந்து பார்ப்பார்கள், ஜனங்களும் மிஷினைப் பார்க்கட்டும் என்பார். ஒரு நோயாளி வந்தால் அவனோடு அண்ணன், மாமன், பக்கத்து வயல்காரன் என்று உள்ளே நுழைந்து சுவரோரம் நிற்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே அறையில் கத்தும். சிகிச்சை அறையா தேர்த்திருவிழாக் கடையா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அப்படி ஒரு காலையில் வெங்கடப்பா வந்தார். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த தெலுங்குக் குடும்பம். முழங்கையில் வலி. வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரிந்த நேரம், சுளுக்கு என்று எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். கூடவே அண்ணன் நாராயணப்பா. அப்பன் செத்த பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவராம். அவரே சொன்னார். தம்பியின் செருப்பைக்கூட அவர்தான் குனிந்து ஓரமாக வைத்தார்.

கண்ணைத் துண்டால் மூடிவிட்டுக் குண்டூசியால் தொட்டேன்.

"குத்துதா?"

"குத்துது."

"இங்க?"

"குத்துதும்மா."

எல்லாம் சரியாகச் சொன்னார். அப்போது ஈ ஒன்று என் முகத்தில் உட்கார்ந்தது. கையை ஆட்டி விரட்டினேன்.

"குத்துது" என்றார் வெங்கடப்பா.

நான் அவரைத் தொடவே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். வேலைக்குப் போகும்போதும் கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மனுஷன் அந்தக் கலகலப்பைக் கேட்டுத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வளையல்களை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளி முன்கையில் இறுக்கிக்கொண்டேன். முன்கையின் உள்பக்கம், சுண்டுவிரல் வரை, குண்டூசியை நன்றாகவே குத்தினேன். ஒரு வார்த்தை இல்லை. துண்டுக்கு அடியில் முகம் காத்துக்கொண்டிருந்தது. முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலை வைத்தேன். நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. அதுவும் பெருநோயின் அடையாளம். சுளுக்காவது மண்ணாவது.

அவருக்கும் புரிந்துவிட்டது. துண்டை விலக்கி என்னைப் பார்த்தார். கண் அண்ணன் பக்கம் போய்விட்டு என்னிடம் திரும்பியது. அவருக்கு இந்த மரப்பு முன்பே தெரியும். தெரிந்துகொண்டேதான் வளையல் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். கல்யாண வயதில் பெண் இருந்தது அவருக்கு.

"என்னாம்மா நிறுத்திட்ட? சத்தத்த வெய்யி" என்றார் நாராயணப்பா.

சுவரோரம் இருந்த அத்தனை தலையும் என்னைப் பார்த்தது. யோசிக்க நேரம் இல்லை.

"மிஷின் ரிப்பேர். ஓடாது. தம்பியை மட்டும் டாக்டரம்மா ஒரு தடவ பாக்கட்டும்" என்றேன்.

அந்தப் பொய் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மிஷின் கெட்டுப்போச்சு என்ற பேச்சு வராந்தாவைத் தாண்டி மேனேஜர் காதுக்குப் போனது. அன்று மதியம் யாரோ பெரிய மனிதர்கள் பார்க்க வருவதாக இருந்தது. மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாரும்மா ரிப்பேருன்னது? காலையில நல்லா ஓடுச்சேம்மா!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. கடிகாரம் டிக் டிக் என்றது.

"ஓடுது பார்! அடுத்த ஆளக் கூப்பிடு!"

அடுத்த ஆள் ஒரு லாரி டிரைவர், இடுப்பு வலி. வேறு வழியில்லாமல் அவருக்கு வைத்தேன். தலையை நிமிர்த்தினால் வாசலில் நாராயணப்பா நிற்கிறார். பின்னால் அவர் தம்பி. நாராயணப்பா விளக்கைப் பார்த்தார், டிரைவரின் இடுப்பைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தம்பியின் கையைப் பார்த்தார். இரண்டு பேரும் வண்டிக்கு நடந்தபோது நடுவில் ஒரு ஆள் போகிற இடம் விட்டு நடந்தார்கள். டாக்டரம்மாவிடம் போகவே இல்லை.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "பொய் சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த மாதிரி ஆள் வருவான்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் பொய்யை முன்னாடியே தயார் பண்ணி வைக்கல. நானும் வைக்கல" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாள் ஆறுதல் சொல்கிற ஜாதி இல்லை.

பத்து நாளில் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே பேச்சு. சத்த மிஷினுக்கு ஆளைத் தெரியும். பெருநோய்க்காரன் வந்தால் மிஷின் ஓடாது. நல்ல ஆள் உட்கார்ந்தால்தான் ஓடும். சொல்லிவைத்த மாதிரி மாப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆமாம், மாப்பிள்ளைகளை!

"இந்தப் பையனுக்கு முட்டியில வலிங்க" என்பார் பெண்ணின் தகப்பன்.

"எனக்கு வலியே இல்லீங்க" என்பான் பையன்.

"சும்மா கெடப்பா. சத்தம் வெய்யிம்மா, பாக்கலாம்."

ஒரு மாப்பிள்ளை மிஷின் ஓடி முடிந்ததும் எழுந்து சுவரோரம் நின்ற மாமனாரைப் பார்த்து, "மாமா, எனக்கு ஆச்சி. இப்ப நீங்க குந்துங்க" என்றான். அறையே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையில் கை மரத்துப்போனவன் எவனும் எங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டாமல் போனான். மாத்திரை டப்பாவோடு நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது ஒரு வழக்கத்தை ஆரம்பித்தேன். நல்ல உணர்ச்சி உள்ள ஆட்களையும் இடையிடையே நிறுத்தினேன். "இன்னிக்கி உங்களுக்கு வேணாம். வியாழக்கிழமை வாங்க" என்பேன். காரணம் சொல்லமாட்டேன். யாரை நிறுத்தினாலும் அதற்கு அர்த்தம் இல்லை என்று ஆக்கவேண்டும். ஒரு பண்ணைக்காரர் மனைவியை நிறுத்தியபோது, "எனக்கேவா? நான் யாரு தெரியுமாடி?" என்று கத்தினாள். தெரியும், அதற்காகத்தான் நிறுத்தினேன். அவள் வீட்டு ஆள் ஒருத்தரும் அவளைச் சந்தேகப்படத் துணியமாட்டார்கள். திமிர் பிடித்தவள் என்று எனக்குப் பெயர் வந்தது. ஓய்வு பெறும் வரை அந்தப் பெயர் போகவில்லை. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஆனால் வெங்கடப்பாவுக்கு அது காலம் கடந்த வைத்தியம். அவரை மாந்தோப்புக் காவல் குடிசையில் போட்டுவிட்டார்கள். சோறு தோப்பு வேலி வரை வரும். அண்ணனும் தம்பியும் அதுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்களாம். பெண்ணுக்குப் பேசியிருந்த சம்பந்தமும் நின்றுவிட்டது. அவருக்கு நோய் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. மிஷின் ஓடவில்லை, அது போதும் அவர்களுக்கு.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கிணற்றடிக்கு அவர் தனியாக வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

"அம்மா, ஊருல பேசி முடிவு பண்ணியிருக்காங்க. மறுபடியும் மிஷின்ல குந்த வெச்சிப் பாக்கறதாம். ஓடிட்டா வீட்டுக்கு வந்துக்கலாமாம்."

"அதுக்கு?"

"நீங்க ஓட வெக்கணும்."

"ஓட வெச்சா உன் கை வெந்துடும்யா."

"வேவட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று இன்றும் தெரியாது. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரையைப் பற்றிச் சொன்னார். எத்தனை காலம் ஆகும் என்று சொன்னார். விடாமல் எடுத்தால் விரல் மடங்காது, யாருக்கும் தொற்றாது என்று சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்குள்ள போனாத்தான் இவனுக்குச் சோறு. சோறு தின்னாத்தான் மாத்திரை நிக்கும். குமிழைத் திருப்பாம விளக்கையும் கடிகாரத்தையும் மட்டும் போடு."

"வாரா வாரம் மாத்திரைக்கு வரணும். வலிக்குச் சத்தம் வெச்சிக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வா. யாரும் கேக்கமாட்டாங்க" என்றேன் வெங்கடப்பாவிடம்.

"எம் பொண்ணு மேல சத்தியம்" என்றார்.

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு நாராயணப்பா வந்தார். அன்று கதவைச் சாத்தினால் கெட்டது. திறந்தே வைத்தேன். வராந்தா முழுக்கக் கூட்டம். வெங்கடப்பா உட்கார்ந்தார். முழங்கையில் எண்ணெய் தடவினேன். விளக்கைப் போட்டேன், கடிகாரத்தை முறுக்கினேன். குமிழ் பூஜ்யத்திலேயே இருந்தது. வெறும் இரும்புத் தலையை வட்டம் வட்டமாக ஓட்டினேன்.

நாராயணப்பா குனிந்து தெலுங்கில் கேட்டார்: "காலுதுந்தா ரா?" சுடுகிறதா என்று.

"காலுதுந்தி அன்னா" என்றார் தம்பி. நன்றாக நடித்தார். முகத்தைக்கூடச் சுளித்தார்.

கூட்டம் மூச்சுவிட்டது. நாராயணப்பா மட்டும் அசையவில்லை. சட்டைக் கையைச் சுருட்டித் தன் முழங்கையை என் முன்னால் நீட்டினார்.

"எனக்கும் வெய்யி."

எண்ணெய்ப் புட்டியை எடுக்கிற சாக்கில் பெட்டிக்கு முன்னால் உடம்பை மறைத்துக்கொண்டு, இடது கையால் குமிழைத் திருகினேன். அவர் கையில் வைத்துச் சுற்றினேன். கொஞ்சம் அதிகமாகவே திருகிவிட்டேன் போலிருக்கிறது.

"அம்மாடி!" என்று கையை இழுத்துக்கொண்டார். இழுத்த கையால் தம்பியைக் கட்டிக்கொண்டார். "இந்தச் சூட்டையாடா தாங்கிக்கினு குந்தியிருந்த! உன்னப் போயி நாய் மாதிரி தோப்புல போட்டு வெச்சனே, பாவி நானு!"

அழுதார். ஊர்ப் பெரியவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். வராந்தாவில் யாரோ கைதட்டினார்கள். அந்த மனுஷனின் பாசத்தில் கலப்படம் இல்லை. அதைப் பார்த்தவள் நான். அதனால்தான் இன்னும் கசக்கிறது.

அவர்கள் கிளம்பும்போது வெங்கடப்பா பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "செவ்வாக்கெழம வந்துடு. மாத்திரை எடுத்து வைக்கிறேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு என்னாத்துக்கும்மா மாத்திரை? மிஷினே ஒத்துக்கிச்சே!"

செவ்வாய்க்கிழமை வரவில்லை. எந்தச் செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஜீப் அந்த ஊர்ப் புளியமரத்தடிக்கு மாத்திரையோடு போகும் நாட்களில் நானும் போனேன். ஜீப் சத்தம் கேட்டாலே தோப்புக்குள் போய்விடுவாராம். வீட்டு வாசல் வரை போய்க் கூப்பிட்டால் அவர் மறுபடியும் குடிசைக்குத்தான் போகவேண்டும். போகவில்லை. தொலைவில் மரங்களுக்கு நடுவே அவர் வேட்டி மட்டும் தெரியும்.

அடுத்தடுத்த மாங்காய்ப் பருவங்களில் ஒன்று. மண்டியில் அந்தக் காலத்தில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. வெங்கடப்பா துண்டுக்கு அடியில் கையை விட்டார். தரகர் விரலைப் பிடித்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கி இறுகிப்போயிருந்தன. வீட்டில் அதைப் பழைய சுளுக்கு என்றே சொல்லி வைத்திருந்தாராம். நிமிரவில்லை. தரகர் நிமிர்த்திப் பார்த்திருக்கிறார். அவருக்கு வலிக்கவும் இல்லை. தரகர் துண்டை அங்கேயே போட்டுவிட்டுக் கையை மண்ணில் தேய்த்தாராம். மண்டியே திரும்பிப் பார்த்ததாம்.

நாராயணப்பா மறுநாள் என் அறைக்கு வந்து சொன்னது இது. உள்ளே நோயாளி இருந்தார். மனுஷன் கவலைப்படவில்லை.

"அன்னிக்கி மிஷின ஓட்டுனியா இல்லியா?"

"உங்களுக்கு ஓட்டுனேன். அவருக்கு ஓட்டல."

"ஏமாத்துன!"

"ஆமாம்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? நான் அவனுக்கு அண்ணனாச்சே! அவனாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்லுவாரு? நீங்கதான பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தீங்க!"

அவர் என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். திரும்பிப் போனார். வெளியே மாட்டு வண்டி புறப்படும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் வெங்கடப்பா ஒரு துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். வண்டி போன திசையை அவர் பார்க்கவில்லை.

அன்று முதல் ஒழுங்காக மாத்திரை எடுத்தார். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை, அதனால் எடுத்தார். நோய் முழுக்கக் குணமானது. விரல்கள் நிமிரவில்லை. ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு அங்கேயே இருந்தார், அங்கேயே செத்தார். குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா ஊருக்குச் சொல்லி அனுப்பினார். வண்டி வரவில்லை.

பொய் சொல்லாமல் இருந்திருக்கவேண்டுமா என்று என்னைக் கேட்காதீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தாலும் தோப்புக் குடிசைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மனுஷனுக்கு ஒரே வழிதான் வைத்திருந்தார்கள். அந்த அறையில் கெட்டது ஒன்றுதான். முதல் நாள், முதல் குண்டூசி குத்தும்போதே அவர் யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். மேனேஜரோடு மல்லுக்கட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கினேன். வெங்கடப்பா ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு வாங்கினேன்.

உங்களிடம் பெருநோய்க்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து தோள்பட்டை வலியோடு தொழிலாளி வருகிறான். கூடவே சூப்பர்வைசர் வருகிறான். சுவரோரம் கைகட்டி நிற்கிறான். நாளைக்கு வேலைக்கு வருவானா என்று கேட்கிறான். நீங்கள் ஹெட்டைச் சுற்றிக்கொண்டே "இப்போ வலி பரவாயில்லையா?" என்கிறீர்கள். அவன் "பரவாயில்ல சார்" என்கிறான். உங்களைப் பார்த்துச் சொல்வதில்லை. நான் வந்து பார்த்திருக்கிறேன்.

அந்த சூப்பர்வைசரை வெளியே போகச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும். கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். பிறகு அந்தத் தொழிலாளியிடம் மறுபடியும் கேளுங்கள்.